உயர்மலைகளில் தனியே ஒரு நெடும்பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதுகில் பையைச் சுமந்துகொண்டு, உயர்ந்த மலைக்காடுகளின் வழியே பல நாட்கள் தனியாக நடப்பதைப் பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். ஒவ்வொரு இதழிலும் ஒன்றிரண்டாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே பயன் தரும் என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாக நண்பர்களுடன் மலைப்பாதைகளில் நடந்து வருகிறேன். அடுத்து மூன்று வாரங்கள், பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேல், தனியாக நடக்க விரும்புகிறேன். தெரிந்தவர்கள் அனைவரும் இதை மடத்தனம் என்கிறார்கள். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மடத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட மாட்டேன். அவர்களுடைய கவலையில் நியாயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கால் சுளுக்கினால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை என்பதுதான் தனிப் பயணத்தின் பெரிய ஆபத்து என்று பலரும் கருதுகிறார்கள். அதைவிடப் பெரிய குறை, நாம் எடுக்கும் முடிவை மறுத்துப் பேச ஒருவர் இல்லாமல் போவது. குழுவில் நடக்கும்போது, "மேகம் திரள்கிறது, இன்று கணவாயைக் கடக்க வேண்டாம்" என்று யாராவது ஒருவர் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பே எத்தனையோ விபத்துகளைத் தடுத்திருக்கும். தனியாகச் செல்பவர் அந்தக் குரலை வீட்டிலேயே தயார் செய்து எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நிலையில் திரும்புவது, எந்த நேரத்துக்குப் பிறகு ஏறுவதில்லை, எந்த அறிகுறி தோன்றினால் கீழே இறங்குவது என்பதையெல்லாம் பசியும் களைப்பும் இல்லாத வேளையில், ஒரு சிறிய அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் நான் சொல்லவிருக்கும் பெரும்பாலான செய்திகள் அந்த அட்டையில் இடம்பெற வேண்டியவைதான்.

நீங்கள் எந்த வகைத் தனிமையைத் தேடுகிறீர்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள ஜான் மியூர் பாதையில் தனியாக நடப்பவர், கோடைக்காலத்தில் அநேகமாக ஒவ்வொரு நாளும் வேறு நடையர்களைச் சந்திப்பார். பாதையே இல்லாத பள்ளத்தாக்குகளின் வழியே வரைபடத்தை மட்டும் நம்பிச் செல்வது முற்றிலும் வேறு காரியம். முதல் தனிப் பயணத்துக்கு முன்னதையே பரிந்துரைப்பேன். அதற்கும் முன்பாக, இரண்டு மூன்று இரவுகள் கொண்ட தனிப் பயணம் ஒன்றை மழை பெய்யும் பருவத்தில் வேண்டுமென்றே மேற்கொண்டு பாருங்கள். நனைந்த கூடாரத்தைக் குளிர்ந்த விரல்களால் ஒருவராகக் கட்டத் தெரியுமா என்பதை அங்கேயே அறிந்துகொள்ளலாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் வழிகாட்டி இல்லாமல் மலைப்பாதைகளில் தனியே நடப்பதை 2023 ஏப்ரல் முதல் அனுமதிப்பதில்லை என்று நேபாளம் அறிவித்தது. தேசியப் பூங்காக்கள் பலவற்றில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்புடன் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று எப்படிக் கணக்கிடுவது? வரைபடத்தில் 20 கி.மீ. என்பது சிறிய தூரமாகவே தெரிகிறது.

மலையில் தூரத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு கூறிய எளிய விதி இன்றும் பயன்படுகிறது: ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 18 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் கொண்ட ஒரு நாளை எடுத்துக்கொண்டால், தூரத்துக்கு மூன்றரை மணிக்குச் சற்று அதிகம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி என மொத்தம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். ஆனால் நெய்ஸ்மித்தின் கணக்கு நல்ல உடற்திறன் உள்ளவர், நல்ல பாதையில், ஓய்வெடுக்காமல் நடப்பதற்கானது. மூன்று வாரப் பயணத்தின் முதல் நாட்களில், நிறைந்த பையுடன், மெலிந்த காற்றில் நடப்பவர் அதில் பாதியளவு நேரத்தை மேலும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஓய்வு, உணவு, தண்ணீர் எடுத்தல் ஆகியவை இதில் அடங்கா. அப்படிப் பார்த்தால் அந்த 18 கி.மீ. விடியலில் தொடங்கிப் பிற்பகலில் முடியும் முழுநாள் வேலை.

ஜான் மியூர் பாதையையே எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி, 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தில் முடியும் இந்தப் பாதையின் நீளம் சுமார் 340 கி.மீ. (மலைமுகட்டை ஒட்டி இப்படியொரு பாதை வேண்டும் என்று தியோடர் சாலமன்ஸ் என்பவர் 1884இல், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோதே கனவு கண்டார்; பாதை நிறைவடைந்தது 1938இல்.) சமதளத்தில் 340 கி.மீ. தூரத்தைப் பத்து நாட்களில் நடந்துவிடக்கூடியவர்கள்கூட இங்கே இரண்டு முதல் மூன்று வாரங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வரும் கணவாய்களே அதற்குக் காரணம். அவற்றுள் உயரமான ஃபாரஸ்டர் கணவாய் 4,000 மீட்டரைத் தொடுகிறது. எனவே நாட்களைத் தூரத்தால் வகுக்காமல் கணவாய்களால் வகுத்துக்கொள்ளுங்கள். முந்தைய மாலை கணவாயின் அடிவாரத்தில் தங்கி, மறுநாள் முற்பகலிலேயே அதைக் கடந்துவிடும்படி திட்டமிட்டால், பின்னால் நான் சொல்லப்போகும் பல தொல்லைகள் தாமாகவே குறையும். ஆறு அல்லது ஏழு நாட்களுக்கு ஒரு நாளையாவது திட்டத்தில் வெறுமையாக விட்டுவையுங்கள். இருப்பு நாள் இல்லாத திட்டம்தான் மனிதர்களை மோசமான வானிலையில் கணவாய் ஏற வைக்கிறது.

கேள்வி: உயரநோயைப் பற்றிப் படித்தால் அச்சமாக இருக்கிறது. உடன் யாரும் இல்லாதபோது அதை எப்படிக் கண்டறிவது?

இந்தத் தொகுப்பிலேயே மிகவும் தேவையான கேள்வி இது. உயரே செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் அளவு குறைகிறது. 3,500 மீட்டரில் கடல் மட்டத்து அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். 5,500 மீட்டரில் பாதி. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாட்கள் கேட்கும். தலைவலி, பசியின்மை, குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை புதிய உயரத்தை அடைந்த சில மணி நேரத்தில் தொடங்கலாம். இது மிதமான நிலை. அன்று அதற்கு மேல் ஏறாமல் தங்கிவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தணிந்துவிடும்.

உயிருக்கு ஆபத்தானவை இரண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது: ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், சில வேளைகளில் இளஞ்சிவப்பு நிறத்தில் நுரைத்த சளி வரும். மற்றொன்று மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், சிந்தனை கலங்கும். தனிப் பயணியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மூளை வீங்கத் தொடங்கியவரின் தீர்மானிக்கும் ஆற்றலே முதலில் பழுதாகிறது. தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் முழு மனத்துடன் நம்பக்கூடும். குழுவில் இருந்தால் அவர் தள்ளாடுவதை மற்றவர் பார்ப்பார். தனியாக இருப்பவருக்கு அந்தக் கண் இல்லை என்பதால், நோயைக் கண்டறிந்து தப்புவதை நம்பாமல், நோய் வராதபடி ஏறுவதையே அவர் நம்ப வேண்டும்.

மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வழிமுறை இது: 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் அதைவிட உயரே சென்று திரும்புவதில் தவறில்லை; கணக்கில் வருவது உறங்கும் உயரம். தனியாகச் செல்பவர் 500 என்பதை 300 அல்லது 400 என்று குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. அதை மருத்துவரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம், எடுத்துக்கொண்டோம் என்பதற்காக வேகமாக ஏறவும் வேண்டாம்.

காலையும் மாலையும் ஒரு சிறு சோதனையைச் செய்துகொள்ளுங்கள். தரையில் ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்து, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியோடு ஒட்டி வைத்தபடி பத்துப் பதினைந்து அடிகள் நடந்து பாருங்கள். வழக்கமாக முடிவது இன்று முடியவில்லை என்றால் அதை எப்படியும் விளக்க முயலாதீர்கள். "களைப்பாக இருக்கும்", "காலணி சரியில்லை" என்றெல்லாம் மனம் காரணம் தேடும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள்: இருட்டுவதற்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள், குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000 மீட்டர். உடனே உதவியும் கோருங்கள்.

கேள்வி: பையின் எடைதான் என்னைப் பயமுறுத்துகிறது. உணவு, எரிவாயு, தண்ணீர் எல்லாவற்றையும் எப்படிச் சுமப்பது?

உணவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நெடும்பயணத்தில் மிகக் கனமானது பெரும்பாலும் அதுவே. உலர் உணவாக ஒரு நாளைக்கு 700 கிராம் வைத்துக்கொண்டால் எட்டு நாட்களுக்கு ஐந்தரை கிலோவைத் தாண்டும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கிலோகலோரி தருகின்றன, கொழுப்பு ஒன்பது தருகிறது. ஆகவே பருப்பு வகைக் கொட்டைகளும் எண்ணெயும் கூடக்கூட அதே எடையில் ஆற்றல் கூடும். இருந்தாலும் உயரத்தில் முதல் சில நாட்கள் பசியே எடுக்காது; கொழுப்பு மிகுந்த உணவைக் கண்டாலே வெறுப்பு வரும். அந்த நாட்களுக்கு மாவுச்சத்து நிறைந்தவற்றை மேலே வைத்து, கொழுப்பானவற்றைப் பையின் அடியில் பின்னாட்களுக்கு வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. இடையில் எங்கே உணவை நிரப்ப முடியும் என்பதே எடையைத் தீர்மானிக்கும். ஜான் மியூர் பாதையில் தெற்கு நோக்கி நடப்பவர்கள், ஏறத்தாழ நடுவழியில் உள்ள மியூர் டிரெயில் ராஞ்ச் என்ற தங்குமிடத்துக்கு முன்கூட்டியே உணவை அனுப்பிவைக்கிறார்கள். அதற்குப் பின், பக்கத்துக் கணவாய் ஒன்றின் வழியே மலையை விட்டு இறங்கி மீண்டும் ஏறினால் ஒழிய, விட்னி வரை வேறு உணவு இல்லை. அந்தப் பாதையின் பெரும்பகுதியில் கரடி திறக்க முடியாத கெட்டியான உணவுக் கலத்தைச் சுமப்பது கட்டாயம். அந்தக் கலமே ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் கனக்கும். கட்டாயமில்லாத இடத்திலும் கரடிகள் உண்டு என்றால் எடுத்துச் செல்லத்தான் சொல்வேன். குழுவில் ஒருவருடைய உணவு பறிபோனால் பங்கிட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த வழி இல்லை.

அடுப்பைப் பற்றி இரண்டு செய்திகள். பியூட்டேன் வாயு உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த உருளைகள் குளிரில் மேலானவை. குளிர் மிகுந்த இரவில் உருளையைத் தூங்குபைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் மல்லுக்கட்ட வேண்டியிராது. 4,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும், எரிபொருள் வீணாகும். ஏற்கெனவே வெந்து உலர்த்தியவற்றையும், கொதிநீர் ஊற்றினால் போதும் என்பவற்றையும் கொண்டுசெல்லுங்கள். எரிவாயு உருளையை விமானத்தில் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை; இறங்கிய இடத்தில்தான் வாங்க வேண்டும்.

ஓடைகள் நிறைந்த மலையில் தண்ணீரை நிறையச் சுமக்கத் தேவையில்லை; சுத்திகரித்துக் குடித்தால் போதும். தெளிவாக ஓடும் நீரிலும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கலாம். குளோரின் மாத்திரைகள் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை எளிதில் கொல்வதில்லை என்பதால் வடிகட்டியே நம்பகமானது. அந்த வடிகட்டிக்குள் உள்ள நுண்குழல்கள் ஒருமுறை உறைந்தால் வெளியே தெரியாமல் வெடித்துவிடும், பிறகு அது வடிகட்டியே அல்ல; அதனால் அதற்கும் தூங்குபைக்குள் இடம் கொடுங்கள். கொதிக்க வைப்பதானால், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடங்கள் கொதிக்க வேண்டும்.

எடையைக் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் தூங்குபை, அதன் கீழ் விரிக்கும் காப்புமெத்தை, மழை மேலாடை, உலர்ந்த ஒரு மாற்றுடை, முதலுதவிப் பை ஆகிய ஐந்திலும் கைவைக்காதீர்கள். தூங்குபையின் மேல் எழுதியிருக்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பார்த்து மயங்காமல், வசதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை என்று தனியே குறித்திருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: பெற்றோர் தினமும் தொடர்பில் இருக்கச் சொல்கிறார்கள். அலைபேசிக் கோபுரமே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வழி?

கருவியைப் பற்றிப் பேசும் முன், காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எந்த வழியே நுழைகிறீர்கள், எந்தெந்த இரவு எங்கே தங்க நினைக்கிறீர்கள், எந்தக் கணவாயில் பனி இருந்தால் எந்த மாற்றுவழியில் செல்வீர்கள், கூடாரமும் மேலாடையும் என்ன நிறம், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் எந்த மீட்பு அமைப்பை அழைக்க வேண்டும் என்பவற்றை எழுதி, பொறுப்பான இருவரிடம் கொடுங்கள். ஏரன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்க மலையேறி 2003இல் யூட்டா மாநிலத்துப் பாறைப்பிளவு ஒன்றில் கை சிக்கிக்கொண்டு ஐந்து நாட்களுக்கு மேல் தவித்து, இறுதியில் தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியேறினார். எங்கே போகிறார் என்பதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கருவிகளில் இரண்டு வகை உண்டு. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அபாயச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி, முதல் செயற்கைக்கோள் 1982இல் ஏவப்பட்ட கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் வழியே இயங்குகிறது. மாதக் கட்டணம் கிடையாது, ஆனால் அபாயம் என்ற ஒரே செய்திதான் போகும். இன்னொரு வகை, செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தியை அனுப்பவும் பெறவும் உதவுவது. சந்தா கட்ட வேண்டும், பேட்டரியை மின்னேற்ற வேண்டும். உங்கள் பெற்றோரின் மன அமைதிக்கு இரண்டாவதே ஏற்றது. ஒரு செய்தி தவறினால் உடனே பதற வேண்டாம், 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அவர்களிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான பள்ளத்தாக்கில் வானம் போதுமான அளவு தெரியாமல் செய்தி தாமதமாவது வழக்கம். செல்லும் நாட்டின் சட்டத்தையும் விசாரியுங்கள். அரசின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியை வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். குறுஞ்செய்திக் கருவி வைத்திருந்த பயணிகளும் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஓடைகளைக் கடப்பதற்கு இவ்வளவு முன்னெச்சரிக்கை தேவையா? முழங்கால் அளவுத் தண்ணீர்தானே?

வேகமாக ஓடும் முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரு வளர்ந்த மனிதரைச் சாய்த்துவிடும். அதுவும் பனி உருகி வரும் நீர் சில நிமிடங்களிலேயே கால்களை மரத்துப்போகச் செய்யும். என்னைக் கேட்டால், பலரும் அஞ்சுகிற கரடியைவிட யாரும் பொருட்படுத்தாத ஓடைதான் தனிப் பயணிக்கு ஆபத்தானது. பனியிலிருந்து பிறக்கும் ஓடைகள் பகல் வெயிலில் பெருகி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்தை அடைந்து, இரவில் தணிந்து, விடியற்காலையில் மிகக் குறைவாக ஓடும். ஆகவே மாலை ஐந்து மணிக்கு வந்து சேர்ந்த ஓடை அச்சம் தருவதாக இருந்தால், இக்கரையிலேயே கூடாரம் அடித்து மறுநாள் காலையில் கடப்பதே வழி.

பாதை ஓடையைச் சந்திக்கும் இடம்தான் கடக்கச் சிறந்த இடம் என்று எண்ண வேண்டாம். ஓடை அகன்று, பல கிளைகளாகப் பிரிந்து, மெதுவாக ஓடும் இடத்தைத் தேடுங்கள். ஜான் மியூர் பாதை குறுக்கிடும் எவல்யூஷன் ஓடையில் நீர் மிகுந்த காலங்களில், வழக்கமான இடத்தை விட்டுச் சற்று மேலே உள்ள புல்வெளியில், நீர் ஆழமாயினும் அமைதியாக ஓடும் இடத்தில் நடையர்கள் கடப்பது இதனால்தான். கடக்கும் இடத்துக்குக் கீழே அருவியோ, நீரில் சிக்கிக் கிடக்கும் மரங்களோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். காலணியைக் கழற்றாதீர்கள். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பை உங்களை நீருக்குள் அழுத்தாமல் கழன்றுவிட வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, ஊன்றுகோலை முன்னே ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்திப் பக்கவாட்டில் செல்லுங்கள். முழங்காலுக்கு மேல் வேகமான நீர் என்றால் திரும்பிவிடுவது என்பது அட்டையில் எழுதியிருக்கட்டும்.

கேள்வி: மலைமேல் இடி மின்னலில் மாட்டிக்கொண்டால் எங்கே ஒதுங்குவது?

முழுப் பாதுகாப்பான இடம் என்று அங்கே எதுவும் இல்லை. மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே விடை. பல மலைத்தொடர்களில் கோடைக்கால இடிமழை பிற்பகலில்தான் உருவாகிறது. காலையிலேயே கணவாயைக் கடந்துவிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மின்னலைக் கண்டதிலிருந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது, முகட்டையும் திறந்த வெளியையும் தனிமரத்தையும் விட்டு விரைந்து இறங்குங்கள். ஒரே உயரத்தில் அடர்ந்திருக்கும் தாழ்வான மரங்களுக்கு நடுவே இருப்பது ஓரளவு நல்லது. ஆழமில்லாத குகையும் பாறையின் துருத்தலும் பாதுகாப்பாகத் தோன்றினாலும் அப்படி அல்ல, கூடாரமும் அல்ல. கடைசி இடி ஓசைக்குப் பிறகு 30 நிமிடங்கள் காத்திருந்து நடையைத் தொடரலாம். மின்னலைவிட அதிகம் பேரைத் தொல்லைப்படுத்துவது அதற்குப்பின் வரும் குளிர்தான். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால், உறைநிலைக்கு மேலேயே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். விரல்கள் ஒரு பொத்தானைப் போட மறுக்கும்போதே நின்று, கூடாரம் அடித்து, உலர்ந்த உடைக்கு மாறி, சூடாக எதையாவது குடியுங்கள்.

கேள்வி: பகலில் அச்சமில்லை. இரவில் தனியாகக் கூடாரத்தில் உறங்குவதை நினைத்தால்தான் நடுக்கமாக இருக்கிறது. இது பழகிவிடுமா?

பெரும்பாலோருக்கு மூன்று நான்கு இரவுகளில் பழகிவிடுகிறது. கூடாரத்துக்கு வெளியே சருகுகளின் மேல் நடமாடும் எலி, காதுக்கு யானையளவு கேட்கும். உணவை உறங்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டோம், மரக்கிளை விழாத இடத்தில் கூடாரம் அடித்திருக்கிறோம் என்று தெரிந்தால் பாதி நடுக்கம் போய்விடும். காதடைப்பான் வைத்துக்கொள்வதிலும் வெட்கம் வேண்டாம். பழகவே இல்லை என்றால் தனிப் பயணம் உங்களுக்கு உரியதல்ல என்று பொருள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. உறக்கம் கெட்டவரின் காலடிகள் பகலில் தவறும் என்பதால் இதை வெறும் மனச் சிக்கலாக எண்ணாமல் பாதுகாப்புச் சிக்கலாகவே கருதுங்கள்.

கேள்வி: ஜி.பி.எஸ். இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு? வழி தவறினால் என்ன செய்வது?

குளிரில் பேட்டரி விரைவில் தீரும், கைபேசி பாறையில் விழுந்தால் உடையும். காகிதத்துக்கு இந்த இரண்டு குறையும் இல்லை. கருவியைப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை காகிதத்தில் உங்கள் இடத்தை அடையாளம் காணும் பழக்கம் இருந்தால், வழி தவறினாலும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள்தான் தவறியிருப்பீர்கள். தவறிவிட்டது என்ற ஐயம் வந்த கணமே நில்லுங்கள். தெரிந்த கடைசி இடத்துக்கு வந்த வழியே திரும்புவதுதான் சரியான செயல். "இந்தச் சரிவில் இறங்கினால் பாதை வந்துவிடும்" என்ற குறுக்குவழி எண்ணம் மனிதர்களைச் செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. மலம் கழிக்கப் பாதையை விட்டு விலகும்போதுகூட, சென்ற திசையைக் குறித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். (நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

நகர முடியாத நிலையில் உதவி கோர, ஆல்ப்ஸ் மலைகளில் தோன்றிய அடையாளம் ஒன்று உண்டு: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதுவது அல்லது விளக்கை மின்னச் செய்வது, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் ஆறு முறை. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். வட அமெரிக்காவில் மூன்று முறை எழுப்பும் ஒலியே அபாய அடையாளம். விசில் பையின் தோள்பட்டையில் தொங்கட்டும். பைக்குள் இருக்கும் விசில், பையே கைக்கு எட்டாத இடத்தில் விழுந்துவிட்டால் உதவாது.

கேள்வி: ஊன்றுகோல் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

இரண்டு. இறக்கத்தில் முழங்காலின் சுமையைக் குறைக்கும், ஓடையில் கூடுதல் காலாக உதவும், ஒன்று முறிந்தால் இன்னொன்று இருக்கும். எடை குறைந்த கூடாரங்கள் சிலவற்றை நிறுத்துவதற்கே இரண்டு தேவைப்படுகின்றன. ஓடையைக் கடக்கும்போதும் பாறைக் குவியல்களின் மேல் நடக்கும்போதும் மணிக்கட்டு வாரிலிருந்து கையை வெளியே எடுத்துவிடுங்கள். கோல் இடுக்கில் சிக்கினால் அதை விட்டுவிட முடிய வேண்டும்.